பாலக்கோடு, தருமபுரி, மொரப்பூர்: ‘சரளை’ குழுவை நேரில் கேட்ட மூன்று பயணங்கள்

ஒகேனக்கல் பற்றி நான் எழுதிய பதிவின் கீழே ஒரு வாசகர், “தருமபுரிப் பக்கம் அருவிக்கு மட்டும்தான் போயிருக்கிறீர்களா?” என்று கேட்டிருந்தார். இல்லை. எண்பதுகளில் அந்த மாவட்டத்தில்தான் எனக்கு வேலை. வேறு எந்தக் காரணமும் இல்லாமல், பாட்டுக் கேட்பதற்கென்றே மூன்று முறை பயணம் போயிருக்கிறேன். மூன்று முறையும் ஒரே குழு. இரண்டு 1987-இல், ஒன்று 1989-இல். பாதை, தூரம் எல்லாம் நினைவில் இருப்பதை எழுதுகிறேன். பஸ் கட்டணத்தை எழுதினால் இன்றைக்குச் சிரிப்பீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

குழுவின் பெயர் ‘சரளை’. பெங்களூரில் தொடங்கியது. எலக்ட்ரிக் கிதார், டிரம்ஸ் ஒரு பக்கம், கோயில் மேளமான பம்பை இன்னொரு பக்கம். நம் பக்கத்துக் கொச்சைத் தமிழில் பாட்டு. இப்போது இதற்கு நாட்டுப்புற ராக் என்கிறார்கள். அன்று எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. “கிதாரோட பம்பை அடிப்பாங்களே, அந்த குரூப்பு” என்போம். பாடுகிறவர் மாதையன். பாட்டுகளை எழுதியவரும் அவரே.

நான் அப்போது அரூரில் டெலிபோன் ஆபரேட்டர். சொந்த ஊர் சேலம். அரூரில் நூர்ஜான் அக்கா வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். அவர் கணவர் அன்வர் அண்ணனுக்குக் கடைவீதியில் பாத்திரக் கடை. சரக்கு எடுக்க பெங்களூர் போனவர் ஒரு தடவை சரளையின் கேசட் ஒன்றை வாங்கி வந்தார். அசல் கேசட் இல்லை. யாரோ பதிவு செய்து, அதிலிருந்து இன்னொருவர் பதிவு செய்தது. நடுநடுவே பாட்டு தண்ணீருக்குள் போய்விட்டு மேலே வரும். கேட்டுப் பார்த்த அண்ணன், “காது வலிக்குது, நீயே வெச்சுக்கம்மா” என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

அந்த வருடம் எனக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு காரணமும் சொல்லவில்லை. டூட்டி முடிந்து வந்ததும் அந்த கேசட்டைப் போடுவேன். அதில் ஒரு பாட்டு, ரயில் பாட்டு என்று பெயர் வைத்திருந்தேன்.

ரயிலு போன பின்னாலே தண்டவாளம் ஏங்கும்,
தட்டித் தட்டிப் பாத்தாலும் எம்மனசு எப்பத் தூங்கும்.

யாரோ எனக்காக எழுதியது போல இருந்தது. இரண்டு வருடம் கேட்டேன். பத்துப் பாட்டும் மனப்பாடம்.

1987 மாசி மாதம் அரூர் பஸ் ஸ்டாண்டில் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்காரர்கள் நடத்தும் கோயில் விழாவில் சரளையின் கச்சேரி. சனிக்கிழமை மாலை ஆறு மணி. அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தருமபுரியில் இன்னொன்று. தனியாகப் போக எனக்குத் துணிச்சல் இல்லை. நூர்ஜான் அக்காவிடம் சொன்னேன்.

“பாலக்கோட்டுல எங்க வூட்டுக்காரரோட தங்கச்சி வூடு இருக்குது. ராத்திரி அங்க தங்கிக்கலாம். அவர நான் கூட்டியாரேன்” என்றார். அன்வர் அண்ணன் மறுபடியும் காது வலிக்கும் என்றார். பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார் அக்கா.

சனிக்கிழமை மதியம் கிளம்பினோம். அரூரிலிருந்து தருமபுரி சுமார் நாற்பது கிலோமீட்டர். மொரப்பூர் வழியாகப் போகும் பஸ். ஒன்றரை மணி நேரம் ஆனது. தருமபுரியில் பஸ் மாறி இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர் பாலக்கோடு. இரண்டாவது பஸ்ஸில் பாதிக் கூட்டம் காலிக் கூடைகளோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு பெண் தமிழில் டிக்கெட் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கன்னடத்தில் பேச்சைத் தொடர்ந்தார். ஐந்து மணிக்கு இறங்கி, அண்ணனின் தங்கை வீட்டில் டீ குடித்துவிட்டு மைதானத்துக்கு நடந்தோம்.

மைதானம் சந்தைக்குப் பக்கத்திலேயே. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து டிராக்டரில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மேடை இரண்டு டிரெய்லர்களைச் சேர்த்துக் கட்டியது. பெண்களுக்குத் தனியாகக் கயிறு கட்டி இடம் விட்டிருந்தார்கள். ஆறு மணி ஆனது, ஆறரை ஆனது. மேடையில் பம்பை இருக்கிறது, கிதார் இருக்கிறது, ஆட்கள் இல்லை. பின்னால் விசில் தொடங்கிவிட்டது.

விழாவை நடத்திய மண்டிக்காரர் ஒருவர் மைக்குக்கு வந்தார். “கொஞ்சம் பொறுமையா இருங்க. பாடறவருக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. பேச்சே வரலீங்க. ஏதாச்சும் ஏற்பாடு பண்றோம்.”

தொடர்ந்து மூன்று ஊரில் பாடியதாம், போதாததற்கு ரோட்டுப் புழுதி. மாதையனுக்குக் குரல் முற்றிலும் போய்விட்டது. கூட்டம் எழுந்து நின்றது. தக்காளிச் சந்தைக்குப் பக்கத்தில் கூட்டத்துக்குக் கோபம் வந்தால் மேடைக்கு என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கோபம் இல்லை, அழுகைதான் வந்தது. இரண்டு வருடம் காத்திருந்து, இரண்டு பஸ் மாறி வந்து, மேடையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதா?

நூர்ஜான் அக்கா என் கையைப் பிடித்தார். “வா, போய்ச் சொல்லலாம்.”

“என்னன்னு?”

“எல்லாப் பாட்டும் உனக்குத் தெரியும்னு.”

“எனக்குப் பாட வராதுக்கா.”

“உன்ன யாரு பாடச் சொன்னா? வேற யாராச்சும் பாடட்டும், நீ வரிய எடுத்துக் குடு.”

கயிற்றைத் தூக்கி, அதன் அடியில் என்னை இழுத்துப் போனார். மேடைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி மேல் மாதையன் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு, கையில் வெந்நீர் டம்ளர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். கிதார்காரர் பிரகாஷ் மண்டிக்காரரோடு மன்றாடிக்கொண்டிருந்தார். அவர் பெங்களூர்க்காரர். கேசட்டில் பின்குரல் கொடுப்பவர், நன்றாகவே பாடுவார். ஆனால் அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பம்பைக்காரரோ குழுவுக்குப் புதிது.

“ராகா எல்லா கொத்து, சாகித்யா கொத்தில்லா” என்று கன்னடத்தில் சொல்லிப் பிரகாஷ் தலையில் கை வைத்தார். மெட்டு தெரியும், வார்த்தை தெரியாது. பாலக்கோட்டில் அதை யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

அக்கா முன்னால் போய் நின்றார். “இந்தப் பொண்ணுக்கு வார்த்தை எல்லாம் தெரியுங்க. டெலிபோன்ல வேல. எத்தன சத்தத்துலயும் இவ சொன்னா கேக்கும்.”

பிரகாஷ் என்னைப் பார்த்தார். நான் மாதையனைப் பார்த்தேன். அவர் ஒரு பாட்டின் தலைப்பை உதட்டால் மட்டும் சொன்னார். நான் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். அவர் மண்டிக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார்.

“மேடம், ஒவ்வொரு லைனா முன்னாடி சொல்லுங்க. நான் புடிச்சுக்கறேன்” என்றார் பிரகாஷ்.

முதலில் என்னைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். டிரம்ஸ் தொடங்கியதும் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. பிரகாஷ் முதல் வரியிலேயே தடுமாறினார். வேறு வழியில்லாமல் மேடைக்கு வந்து அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றேன். கூட்டத்தில் விசில் பறந்தது. நூர்ஜான் அக்காவும் மேலே ஏறி வந்து, கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்று கூட்டத்தைப் பார்த்தார். விசில் குறைந்தது.

பிறகு எல்லாம் வேலை மாதிரிதான். லைனில் இரைச்சல் இருந்தால் நம்பரை எப்படிப் பிரித்துச் சொல்வோமோ அப்படி வரியைப் பிரித்து, பிரகாஷ் மூச்சு விடும் இடத்தில் சொன்னேன். மூன்றாவது பாட்டில் என் குரலும் மைக்கில் விழ ஆரம்பித்தது. கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டு, நான் வரியைச் சொன்னதும் பிரகாஷோடு சேர்ந்து அவர்களும் பாட ஆரம்பித்தார்கள். நான் சொல்வேன், அவர் பாடுவார், டிராக்டர் மேல் நின்றவர்கள் வரை பாடுவார்கள். கோபமாக எழுந்து நின்ற கூட்டம்தான். அப்படியே நின்றபடி பாடியது.

கடைசியில் ரயில் பாட்டு. “தண்டவாளம் ஏங்கும்” என்று எடுத்துக் கொடுத்தேன். மைதானமே “ஏங்கும்” என்று இழுத்தது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த மாதையன் சட்டென்று தலையைத் தூக்கியதை நான் பார்த்தேன். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து இறங்கியபோது அவர் பக்கத்தில் வந்து கும்பிட்டார். காற்று மாதிரி ஒரு குரலில், “ரொம்ப நன்றிங்க. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை தருமபுரிக்கு வாங்க. நீங்க ஒரு எடத்துல தப்பா கேட்டிருக்கீங்க. அங்க பாடறப்ப கவனிங்க” என்றார். எந்த இடம் என்று கேட்டேன். தொண்டையைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பாலக்கோட்டில் தங்குகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: விடிந்ததும் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். நாங்கள் போன அன்று கால் வைக்க இடமில்லை. முந்தின நாள் மாலை கூட்டத்தில் நின்று பாடியவர்களில் சிலர் கூடை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்ததும் அடுத்த வரி என்ன என்பது போலக் கையை ஆட்டினார். அன்வர் அண்ணன் காதில் இன்னும் பஞ்சு இருந்தது.

அந்த ஒரு வாரம் எனக்குச் சரியாகப் போகவில்லை. ஆயிரம் பேருக்கு முன்னால் தப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்றால் எது தப்பு? கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சந்தேகப்பட ஆரம்பித்தால் எல்லா வரியும் தப்பாகத் தெரிந்தது. “எந்த வார்த்தையா இருந்தா என்ன? கூட்டம் வூட்டுக்குப் போச்சா, மேடை நின்னுச்சா” என்றார் நூர்ஜான் அக்கா. ரயில் பாட்டை மட்டும் நான் போட்டுப் பார்க்கவில்லை. அதில் தப்பு இருக்க முடியாது என்று நம்பினேன்.

ஞாயிறு மூன்று மணிக்கே தருமபுரி போய்விட்டோம். இந்த முறை அண்ணன் வரவில்லை, நாங்கள் இருவர்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து மைதானம் நடக்கும் தூரம். கச்சேரி ஐந்து மணிக்குச் சொன்னபடி தொடங்கியது. மாதையனின் குரல் திரும்பியிருந்தது. முழுதாக இல்லை, ஓரத்தில் கரகரப்பு இருந்தது. அந்தக் கரகரப்போடு அவர் பாடியதைக் கேட்டபோது, அந்த கேசட்டில் பாதிதான் வந்திருக்கிறது என்று தெரிந்தது. பம்பை வயிற்றில் வந்து இடிக்கும் என்பதெல்லாம் கேசட்டில் தெரியாது.

எட்டாவதோ ஒன்பதாவதோ ரயில் பாட்டு வந்தது. “ரயிலு போன பின்னாலே தண்டவாளம்...” என்று அவர் போய்க்கொண்டிருக்கும்போதே மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து ஒரு கூட்டம் “ஏங்கும்” என்று கத்தியது. மாதையன் பாடியது வேறு சொல். இரண்டும் மோதிக்கொண்டன. அவர் கையைத் தூக்கி வாத்தியத்தை நிறுத்தினார்.

“பாலக்கோட்டுல இருந்து வந்தவங்க கையத் தூக்குங்க.”

ஐம்பது அறுபது கை எழுந்தது. நான் தூக்கவில்லை.

“ஏங்கும்னு பாடறீங்க. நல்லாத்தான் இருக்குது. ஆனா நான் எழுதுனது தூங்கும்னு. எங்கப்பா மொரப்பூர்ப் பக்கம் ரயில்வே லைன்ல வேல பாக்குது. சுத்தியல எடுத்துக்கிட்டு, தண்டவாளத்தத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே நடந்து போவும். ரயிலு போயிட்டா தண்டவாளத்துக்கு ஓய்வு, எங்கப்பாவுக்கு ஓய்வு இல்ல. அதுக்காக எழுதுன பாட்டுங்க இது. மறுபடியும் பாடலாங்களா?”

மறுபடி பாடினார்.

ரயிலு போன பின்னாலே தண்டவாளம் தூங்கும்,
தட்டித் தட்டிப் பாத்துப் போற எங்கப்பன் எப்பத் தூங்கும்.

என் முகம் சூடாகிவிட்டது. யார் தப்பாகச் சொல்லிக் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை. பாலக்கோட்டுக்காரர்களும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவர்கள் ‘தூங்கும்’ பழகுவதில் மும்முரமாக இருந்தார்கள். வெட்கம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் கஷ்டம். எனக்காக எழுதியது என்று இரண்டு வருடம் வைத்திருந்த பாட்டு என்னுடையது இல்லை. அதில் ஏக்கமும் இல்லை, மனசும் இல்லை. ஒரு மனிதர் சுத்தியலோடு நடந்து போகிறார், அவ்வளவுதான். அதைப் புரிந்துகொண்டு மறுபடி கேட்கக் கேட்க, முன்னைவிடப் பெரிய பாட்டாக இருந்தது.

முடிந்ததும் மேடைப் பக்கம் போனேன். பிரகாஷ் வந்து, “மேடம், இன்னிக்கு லீவா?” என்றார். மாதையன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“வருத்தமாங்க?” என்று கேட்டார்.

“இல்லைங்க. கேசட் தேஞ்சு போச்சு, சரியா கேக்கல.”

“நீங்க கேட்டதும் ஒரு பாட்டுதாங்க. அத நீங்க வெச்சுக்குங்க. என்னோடத நான் வெச்சுக்கறேன்.”

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தது. மொரப்பூர் தாண்டியது எனக்குத் தெரியாது. அரூரில் அக்கா உலுக்கி எழுப்பினார். “இப்படித் தூங்கி நான் உன்னப் பாத்ததே இல்ல” என்றார்.

மூன்றாவது பயணம் 1989-இல். அதற்குள் எனக்குச் சேலத்துக்கு மாற்றல் கிடைத்து, கல்யாணமும் ஆகியிருந்தது. மொரப்பூரில் சரளை என்று நூர்ஜான் அக்கா போனில் சொன்னார். நானும் என் கணவரும் சேலத்தில் மதிய ரயிலைப் பிடித்தோம். ஜோலார்பேட்டை லைனில் மொரப்பூர் வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பஸ்ஸைவிட ரயிலே வசதி. அரூரிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர்தான் என்பதால் அக்காவும் அண்ணனும் எங்களுக்கு முன்பே வந்துவிட்டார்கள். அண்ணன் பஞ்சு கொண்டு வந்திருந்தார், என் கணவருக்கும் சேர்த்து.

ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் திடல். இது மாதையனின் சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் முன்வரிசையில் அவர் குடும்பம். அவருடைய அப்பா அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். வெள்ளை வேட்டி சட்டையில், ஸ்பீக்கருக்கு மிகப் பக்கத்தில், கையுள்ள நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கச்சேரி தொடங்கி இரண்டு பாட்டு முடிவதற்குள் அவர் தூங்கிவிட்டார். டிரம்ஸும் பம்பையும் ஒன்றாக அடித்தபோதும் அசையவில்லை. காலமெல்லாம் ரயில் சத்தத்தோடு இருந்தவருக்கு ஸ்பீக்கர் ஒரு பொருட்டா? மாதையனின் அம்மாவுக்குத்தான் சங்கடம். தோளைத் தட்டி எழுப்பப் பார்த்தார். மேடையிலிருந்து மாதையன், வேண்டாம், விடுங்க என்று கை காட்டினார்.

பிறகு ரயில் பாட்டைப் பாட வேண்டிய நேரம் வந்தது. “எங்கப்பன் எப்பத் தூங்கும்” என்ற இடத்தில் திடலே முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தது. மாதையனுக்கும் சிரிப்பு வந்து வரி பாதியில் நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, டிரம்ஸ் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிரகாஷ் முன்னால் வந்து மிச்சப் பாட்டை ஒரு வார்த்தை பிசகாமல் பாடி முடித்தார். பெரியவர் கடைசி வரை எழவில்லை.

அதற்குப் பிறகு நான் சரளையைப் பார்க்கவில்லை. சில வருடத்தில் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டாவது கேசட் வரவே இல்லை. நேரில் பாடியதை யாராவது பதிவு செய்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

இந்தப் பக்கம் கச்சேரி, கூத்து கேட்கப் போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனி மாதங்கள் நல்லது. திருவிழாக்கள் அப்போதுதான் நெருக்கமாக வரும், வெயிலும் முழுதாக ஏறியிருக்காது. சேலத்திலிருந்து வருகிறவர்கள் மொரப்பூரில் இறங்கினால் அரூர், தருமபுரி இரண்டுக்கும் பஸ் பிடிக்கலாம். எல்லா ரயிலும் நிற்காது, பார்த்துக்கொள்ளுங்கள். பாலக்கோட்டில் தங்க நினைத்தால் முன்பே இடத்துக்குச் சொல்லிவையுங்கள், எங்களுக்கு இருந்ததுபோல் எல்லோருக்கும் சொந்தக்காரர் வீடு இருக்காது. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார வேண்டாம். தண்ணீர் கொண்டு போங்கள். போட்டிருக்கும் நேரத்துக்கு எதுவும் தொடங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் எது சிறந்தது என்று என் மகள் அடிக்கடி கேட்பாள். தயங்காமல் பாலக்கோடு என்பேன். அன்றைக்குப் பாட்டு எப்படி இருந்தது என்று அடுத்த கேள்வி வரும். அன்றைக்கு நான் பாட்டைக் கேட்கவே இல்லை என்பேன். எல்லோரும் ஒரு வரியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் அடுத்த வரியில் இருந்தேன்.